வலசைப் பறவைகளைப் பார்க்கக் குடும்பத்தோடு ஏற்காடு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஏற்காட்டில் டீக்கடைக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தோடும் சின்ன வாய்க்கால். அதன் ஓரத்தில் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு குருவி நடக்கிறது. முதுகு சாம்பல், வாலடி மஞ்சள். நாலு எட்டு வைக்கிறது, நின்று வாலை மேலும் கீழும் ஆட்டுகிறது, மறுபடி நாலு எட்டு. பெயர் சாம்பல் வாலாட்டி. எடை ஏறக்குறைய 20 கிராம். கோடையில் இமயமலை ஓடைகளிலோ அதற்கும் வடக்கேயோ குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. டீ குடிக்கிறவர்களின் காலடியிலேயே நடமாடுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாங்களும் முதல் தடவை பார்க்கவில்லை. ஒரே நாளில் ஏரி, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று ஓடினோம். மத்தியானத்துக்குள் குழந்தைகள் துவண்டுவிட்டார்கள். இப்படிக் குளிருக்கு வந்து போகிற வலசைப் பறவைகளைப் பார்க்கத்தான் மலையேறினோம், ஆனால் காக்காயும் மைனாவும் தவிர எதையும் பார்க்காமல் இறங்கினோம். அடுத்த வருஷம் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். அன்றைக்குப் பார்த்தது ஒன்பது வகை. அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: இடத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்.

எந்த மாதம் போவது

சாம்பல் வாலாட்டிதான் முன்னோடி. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வந்துவிடும். மற்றவை செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வந்து சேரும். ஆனால் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். பறவை இருக்கும், ஆனால் குழந்தைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு மழையிலும் மூடுபனியிலும் நிற்க முடியாது. என் கணக்கில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை குடும்பத்துக்கு ஏற்ற காலம். மார்ச்சில் பறவைகள் கிளம்பத் தொடங்கிவிடும், ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். மே மாதக் கோடை விழாவுக்குப் போகிறவர்கள் பூக்களைப் பார்க்கலாம்; வலசைப் பறவைகளை அப்போது தேட வேண்டாம்.

முடிந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறுகளில் காலை ஒன்பது மணிக்கே ஏரிக்கரையில் வண்டிச் சத்தம் ஏறிவிடும்.

ஏன் ஏற்காடு

நம் கொங்குப் பக்கத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. சின்னக் குழந்தைகள் இருந்தால் முதல் பயணத்துக்கு இரண்டுமே அதிகம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆனைகட்டி பக்கம். பறவையியலாளர் சாலிம் அலி பெயரில் 1990இல் தொடங்கிய பறவை ஆய்வு மையம் இருப்பதும் அங்கேதான். ஆனால் அந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. பழக்கமில்லாதவர்கள் குழந்தைகளோடு அதிகாலையில் இறங்கி நடக்கக் கூடாது.

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 வளைவு. உயரம் சுமார் 1,500 மீட்டர். பஸ்ஸிலேயே போய்விடலாம். அதைவிட முக்கியம், அங்கே காபி விளைகிறது. காபிச் செடி நேர் வெயிலைத் தாங்காது. சில்வர் ஓக், பலா என்று மர நிழலில்தான் வளர்ப்பார்கள். மரத்தில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும், தரையில் சருகு மெத்தையாகக் கிடக்கும். மர உச்சி, காபிச் செடி, சருகு என்று மூன்று அடுக்கிலும் பூச்சி இருக்கிறது. வலசை வருகிற சின்னக் குருவிகளில் பாதிக்கு மேல் பூச்சி தின்னிகள். அவை காபித் தோட்டத்தை விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

ஒரு வாரம் முன்பே வீட்டில் செய்ய வேண்டியது

நூறு பறவை படம் போட்ட புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுத்தால் இரண்டு நாளில் மூலையில் போட்டுவிடும். ஐந்தே பறவை போதும். எங்கள் வீட்டு ஐந்து இவை: சாம்பல் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி. ஒரு நாளைக்கு ஒன்று. படத்தைக் காட்டி, போனில் அதன் குரலைப் போட்டுக் கேட்க வைத்து, எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். பழுப்புக் கீச்சானுக்காகச் சைபீரியா வரை விரலை நகர்த்திய குழந்தை அந்தப் பெயரை மறக்காது.

மெர்லின் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, காசு கிடையாது. குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும். நம் பகுதிக்குரிய தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. அது சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அது பெயர் சொன்னால் தேடுங்கள். கண்ணால் பார்த்த பிறகு நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் பைனாகுலர். குடும்பத்துக்கு ஒன்று இருந்தால் போதும், இரண்டு இருந்தால் சண்டை வராது. 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பக்கத்தில் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கை நடுங்குவதையும் அது சேர்த்துப் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். குழந்தைக்கு 8x30 அல்லது 8x32 என்றால் கழுத்து வலிக்காது.

வாங்கினால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தக்கபடி சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மலையேறுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் மாமனாருக்கு 70 வயது தாண்டிவிட்டது. வீட்டு மாடியில் நின்று பேத்திக்கு அவர் சொல்லிக் கொடுத்த விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

“அப்புச்சி, ரெண்டு ரெண்டா தெரியுதுங்க.”

“ரெண்டு குழலையும் கொஞ்சம் உள்ளே மடக்கு கண்ணு. ரெண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகோணும்.”

அது ஆனதும் எதிர்வீட்டுத் தென்னையைக் காட்டினார். வலது கண்ணை மூடச் சொன்னார். இடது கண்ணால் மட்டும் பார்த்தபடி நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகி, கீற்று தனித்தனியாகத் தெரியும் வரை கொண்டுவரச் செய்தார். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருகச் சொன்னார். இரண்டு கண்ணையும் திறந்தபோது அவள் சத்தமே இல்லாமல் நின்றாள். தென்னையில் அணில் கடித்த குரும்பை ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இனி நடுச் சக்கரம் மட்டும்தான் வேலை செய்யும். கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க ரப்பரைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், போடாதவர்கள் மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு பழக்கமும் வீட்டிலேயே வர வேண்டும். பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். கீழே குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை மாறிப்போகும். மாடியில் காக்காயை வைத்து அந்த ஒரு வாரமும் பழகினால் மலையில் ஈப்பிடிப்பானைப் பிடித்துவிடலாம். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும். குழந்தைகளிடம் இதை ஒரு முறைக்கு நாலு முறை சொல்லுங்கள்.

பையில் என்ன

துணி பச்சை, காக்கி, பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையும் பளபளப்பும் வேண்டாம். அசைந்தால் சரசரக்கும் ஜெர்க்கினைவிடக் கம்பளி ஸ்வெட்டர் மேல். காதை மூடும் குல்லா வேண்டும், டிசம்பர் காலையில் குளிர் நன்றாகவே இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம். ஆறினாலும் ருசி கெடாது, குழம்பு தேவையில்லை, ஒரு ஊறுகாய் போதும். காலையில் நிற்கும்போது கொறிக்க வறுத்த நிலக்கடலையும் கச்சாயமும். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தத்திலேயே பக்கத்துச் செடி காலியாகிவிடும், அதனால் அதை வீட்டிலேயே விடுங்கள். குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள், பையை மூடியே வைத்திருங்கள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுக்காமல், முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையில் முதல் காலை

முந்தின நாளே ஏறித் தங்குவது உத்தமம். ஈரோடு, திருப்பூர், கரூரிலிருந்து காலையில் கிளம்பினால் போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்திருக்கும். சேலத்திலேயே இருப்பவர்கள் ஐந்து மணிக்கு அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் சரி. டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணி வாக்கில் விடியும். அதிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் பறவைகள் மும்முரமாக இரை தேடும். சாயந்தரம் நாலிலிருந்து ஆறு வரை இன்னொரு வாய்ப்பு.

இடம் எப்படி இருக்க வேண்டும் என்றால், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காபித் தோட்டம், நடுவில் வண்டி அதிகம் வராத சாலை. ஏரியைச் சுற்றி வரும் பாதையிலும் தோட்டங்களுக்கு இடையே போகும் சாலைகளிலும் இப்படிப் பல இடங்கள் கிடைக்கும். தோட்டம் தனியார் சொத்து. வேலி தாண்டக் கூடாது. உள்ளே போக வேண்டுமானால் காவலரிடமோ மேனேஜரிடமோ கேளுங்கள். “குழந்தைங்களுக்குக் குருவி காட்டோணுங்க, சாலையோரமாவே நின்னுக்கறோம்” என்று சொன்னதற்கு எங்களை இதுவரை யாரும் மறுத்ததில்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எந்தப் பலாவில் எது வந்து உட்காரும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களிடம் பேசுங்கள்.

இடத்துக்கு வந்ததும் பத்து நிமிஷம் எதையும் தேட வேண்டாம். நின்றால் போதும். நாம் வந்த சத்தத்துக்கு ஒதுங்கியவை அதற்குள் திரும்பிவிடும். பிறகு கண்ணைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள்.

தண்ணீர் ஓரத்தில் சாம்பல் வாலாட்டி. நிழலான தோட்டப் பாதையில் வாலை மேலும் கீழும் ஆட்டாமல், உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் அசைக்கும் வாலாட்டி ஒன்று தெரிந்தால், அது கொடிக்கால் வாலாட்டி. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். மற்ற வாலாட்டிகள் தரையிலோ பாறை இடுக்கிலோ கூடு கட்டும், இது மரத்தில் கட்டும். கிழக்கு ஆசியாவிலிருந்து வருவது. இதைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது நிறைவு என்று நான் நினைப்பேன்.

புதரில் “டக்... டக்...” என்று நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தால், பிளைத் நாணல் கதிர்க்குருவி உள்ளே இருக்கிறது. வெளியே வர வெகு நேரம் ஆகும். புதரை ஆட்டாதீர்கள். வேலிக்கம்பத்திலோ மொட்டைக் கிளையிலோ கண்ணில் கறுப்புப் பட்டையோடு கரகரவென்று திட்டுவதுபோல் கத்துவது பழுப்புக் கீச்சான். அது தனக்கென்று ஓரிடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கும்.

நடுக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திடீரென்று பறந்து பூச்சியைப் பிடித்து, பழையபடி அதே கிளைக்குத் திரும்பினால் ஈப்பிடிப்பான். பெரிய கண்ணும் அதைச் சுற்றி வெள்ளை வளையமும் இருந்தால் பழுப்பு ஈப்பிடிப்பான். குழந்தைக்கு முதலில் காட்ட இதைவிடச் சுலபமான பறவை இல்லை; பைனாகுலரை அந்தக் கிளையிலேயே வைத்திருந்தால் அது திரும்பி வந்து உட்காரும். அரசவால் ஈப்பிடிப்பான் ஆணுக்கு உடம்பைவிட நீளமான வால், ரிப்பன் மாதிரி. சிலது செம்பழுப்பு, வயசான ஆண் வெள்ளை வெளேர்.

காலை எட்டு மணி வாக்கில் வெயில் மரத்தலைக்கு ஏறியதும் இன்னொன்று நடக்கும். அதுவரை அமைதியாக இருந்த ஒரு மரம் திடீரென்று கலகலக்கும். பட்டாணிக்குருவி, மின்சிட்டு, கரிச்சான் போன்ற பல வகைப் பறவைகள் ஒரே கூட்டமாக, மரத்துக்கு மரம் பூச்சி பிடித்துக்கொண்டே நகரும். வலசை வந்த பச்சைக் கதிர்க்குருவியும் அரசவாலும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். இருபது பறவை ஐந்து நிமிஷத்தில் கடந்துவிடும். கூட்டத்தின் பின்னால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு அதையே பாருங்கள். பச்சைக் கதிர்க்குருவி பத்து கிராம்கூட இருக்காது, இலை நிறம், புருவத்தில் வெளிர்க் கோடு. “ச்சிஸ்வீ” என்று கூப்பிடும். அந்த இனத்தில் ஒன்றுபோலவே பல உண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் தலையை உடைத்துக்கொள்ளாமல் ‘கதிர்க்குருவி’ என்று மட்டும் எழுதினால் போதும்.

சாயந்தரத்துக்கு ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, சிவப்பு வாலடி, இறக்கையில் நீலம், கண் வழியே கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் சருகில் இறங்கிவிட்டால் தெரியாது. தோட்டக்கள்ளன் என்ற பெயர் அதனால்தானோ என்னவோ. விடியலிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரமாக விசிலடிக்கும். ஐந்தரை மணிக்கே தோட்ட ஓரத்தில் போய், பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பார்க்காவிட்டாலும் குரல் கேட்டால் அதுவும் கணக்குத்தான்.

குழந்தைகள், பெரியவர்கள்

நாலு வயதுக்குக் கீழே இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதை ஒருவர் ஏரிப்பக்கம் அழைத்துப் போகட்டும், முறை மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு ஆளுக்கொரு வேலை: ஒருவர் மணி பார்த்து எழுத வேண்டும், ஒருவர் தரையை மட்டும் கவனிக்க வேண்டும், ஒருவர் வானத்தை. அசைவை முதலில் பிடிப்பது எப்போதும் குழந்தைகளின் கண்தான்.

பெரியவர்களை வண்டியில் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் அவர்களும் இரண்டு மணி நேரம் இருப்பார்கள். எங்கள் மாமனார் மலைக்குப் போகும் வழியிலேயே, கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த ரோஸ் நிறக் குருவிகளைக் காட்டி, “இது சோளக்குருவிங்க. கதிரு முத்தற சமயத்துல கூட்டங் கூட்டமா வரும். பரண்ல நின்னு கவண்ல கல்லு வெச்சு ஓட்டுவோம்” என்றார். அது மத்திய ஆசியாவிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது; எந்த மாதம் வரும், எந்தச் சோளக்காட்டில் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேருமே கற்றுக்கொண்டோம்.

செய்யக் கூடாதவை

பறவையை வரவழைக்கப் போனில் அதன் குரலைப் போடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று பதறி, இரை தேடுவதை விட்டுவிட்டு வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் உயிரை அப்படி அலைக்கழிப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். ஃபிளாஷ் வேண்டாம். கல்லெறிந்து கிளப்பி, பறக்கும்போது படமெடுப்பதும் வேண்டாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டுமாடு உண்டு. தூரத்தில் தெரிந்தாலே நின்று, சத்தமில்லாமல் பின்வாங்கி வண்டிக்கு வந்துவிடுங்கள். இருட்டுவதற்குள் சாலைக்குத் திரும்புங்கள். வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

அடிபட்ட பறவை கிடைத்தால்

ஆறுமணிக்குருவி இரவில் வலசை போகும். அக்டோபர் வாக்கில் விளக்கு வெளிச்சத்தில் குழம்பி, ஜன்னல் கண்ணாடியில் மோதி, நம் ஊர் வீட்டு வாசலிலேயே கூட விழுந்து கிடக்கும். பயப்படாதீர்கள், கூட்டம் கூடவும் விடாதீர்கள். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான அறையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். சோறும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் துள்ளினால், பூனை, நாய் இல்லாத புதர் ஓரமாகத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ எழுந்து நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, மணி, இடம், பறவை, எத்தனை, என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்காய் அளவா, வாலை எப்படி ஆட்டியது, தரையிலா, கிளையிலா. வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். பழகிய பிறகு அதையே, பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் ஈபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்று எண்ணி ஈபேர்டில் அனுப்பினாலே நீங்களும் அதில் சேர்ந்துவிடலாம். பொங்கல் வைத்த வாசலிலிருந்தே செய்யலாம்.

நோட்டில் இடத்தை மட்டும் துல்லியமாக எழுதுங்கள். ‘ஏற்காடு’ என்று எழுதினால் போதாது. எந்த வாய்க்கால், எந்த மரத்துக்கு நேர் எதிரில் என்று எழுத வேண்டும். வலசைப் பறவைகளில் பல, போன குளிர்காலத்தில் தங்கிய இடத்துக்கே திரும்பி வரும். எங்கள் நோட்டின் மூன்றாம் பக்கத்தில், பேத்தியின் கோணல்மாணல் எழுத்தில், ‘டீக்கடைக்குப் பின்னால வாய்க்கால், உடைஞ்ச பைப் பக்கம், மஞ்சக் குருவி 1, வாலாட்டுது’ என்று இருக்கிறது. அடுத்த வருஷம் வண்டியை விட்டு இறங்கியதும் அவள் டீக்கடைக்குள் நுழையவில்லை, நேராகப் பின்பக்கம் போனாள். உடைந்த பைப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். வாய்க்காலில் வாலாட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது.